மலைமேல் கோடை

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக் கதவு சாத்தப்பட்ட மறுநாளே நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: "இந்த வருஷம் மலைக்குப் போகிறோமா, இல்லையா?" பாட்டிக்குக் குளிர் ஆகாது; குழந்தைக்கு வளைவுப் பாதையில் தலை சுற்றும்; வாடகையோ யானை விலை. ஆயினும் மதுரையில் உஷ்ணம் 38 டிகிரியைத் தொட்டதும் ஆட்சேபணைகள் யாவும் உருகிவிடுகின்றன. கொடைக்கானலுக்கு வண்டி புறப்படுகிறது.

போய்வந்தவர்களை விசாரித்தால், பாதிப் பேர் குறை கூறுகிறார்கள். "ஒரே மூடுபனி, ஸார்! பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். எதிரில் நின்ற மனுஷரே தெரியவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது." அவர்களுடைய தினசரியைக் கேட்டுப் பாருங்கள். காலை ஒன்பது மணி வரை கம்பளிக்குள் நித்திரை. பத்து மணிக்குக் காப்பி, பலகாரம். பதினொன்றரை மணிக்குப் புறப்பாடு. மலை கடையைக் கட்டுகிற நேரத்தில் இவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள்!

மலைநாட்டுக் கோடை நாளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. விடியலில் வானம் பளிங்குபோல் இருக்கும். வெயில் ஏறி மலைச் சரிவுகள் சூடாகத் தொடங்கியதும், அவற்றை ஒட்டிய காற்று இலேசாகி மேலே கிளம்புகிறது. அந்தக் காற்று பள்ளத்தாக்கின் ஈரத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. உயர உயரக் குளிர்ந்து, அந்த ஈரம் மேகமாக உறைகிறது. 1872-ல் அமைந்த கோக்கர் நடைபாதையில் நிற்பவர்கள், நண்பகலை ஒட்டி வெண்மேகம் காலடியிலிருந்து ஏறி வருவதைக் காணலாம். சூரியன் முதுகுப் புறமாகவும் பனித்திரை எதிரிலும் அமைகிற பாக்கியம் வாய்த்தால், தம்முடைய நிழலே வானவில் வளையம் சூடி அத்திரையில் நிற்பதையும் காணலாம். அது எல்லோருக்கும் எளிதில் கிட்டுகிற காட்சியன்று. பிற்பகலில் அநேக நாட்களில் இடி முழங்கும். ஒரு மணி நேரம் மழை. சில சமயம் ஆலங்கட்டி. மாலையில் மறுபடியும் வானம் வெளுத்து, இரவில் நட்சத்திரங்கள் கையெட்டும் தூரத்தில் இறங்கிவிடும்.

இந்த ஒழுங்கை நன்றாய் அறிந்தவர்கள் அங்கேயே நூறு வருஷத்துக்கு மேலாக வேலை செய்து வருகிறார்கள். 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுடைய மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராயவேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அதன் பயனாக எழுந்தது கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம். 1901 முதல் அங்கே முறையாகச் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியக் களங்கங்களில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்பவர் 1909-ல் கண்டறிந்ததும் அங்கேதான். காற்று அலைபாயாத காலைப் பொழுதே அவர்கள் வேலைக்கு ஏற்றது. விஞ்ஞானிக்கு உகந்த வேளை விருந்தாளிக்கும் உகந்ததே.

"மலை ஏறினால் சூரியனுக்கு 7,000 அடி அருகில் போகிறோமே, உஷ்ணம் ஏன் குறைகிறது?" என்று வகுப்பில் யாராவது ஒரு பையன் கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்வி. வெயில் காற்றை நேரே அதிகம் சுடவைப்பதில்லை. பூமியைச் சுடுகிறது, பூமி காற்றைச் சுடுகிறது. மேலே போகும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சராசரி 6½ டிகிரி என்பது கணக்கு. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 14 டிகிரி குறையவேண்டும். மேகமும் குடை பிடிப்பதால் இன்னும் சற்றுக் குறைந்து, மே மாத நண்பகலில் 20, 21 டிகிரியாக இருக்கிறது. விடியலில் 12 வரை இறங்கும்.

குளிர்ச்சியைக் கண்டு வெயிலை அலட்சியம் செய்துவிடக் கூடாது. அங்கே காற்று மெல்லியது; ஊதாக் கடந்த கதிர்கள் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக மேலே விழும். ஏரிக் கரையில் தொப்பியின்றிக் காலை முழுதும் ஓடிய குழந்தையின் மூக்கு இரவில் சிவந்து எரியும். தாய்மார்கள் அதைக் குளிர் காற்றின் வேலை என்று எண்ணுகிறார்கள். அது வெயிலின் வேலை. வீடு எடுத்துச் சமைப்பவர்களுக்கு மற்றொரு வேடிக்கை காத்திருக்கிறது. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே துவரம் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு கிடக்கும். பிரஷர் குக்கரை மறவாமல் கொண்டுபோவது குடும்ப சமாதானத்துக்கு நல்லது.

வீடு பார்க்கையில் ஏரி தெரிகிறதா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து, பள்ளத்தில் தண்ணீர்போல் தேங்குகிறது. எனவே ஏரியை ஒட்டிய தாழ்வான வீடுகளில் விடியற்குளிர் அதிகம். ஆஸ்துமாக்காரர்களும் முதியோரும் சற்று மேட்டில், காலை வெயில் படும் வீட்டில் தங்குவதே உத்தமம்.

இனி, பலருக்கு ருசிக்காத விஷயம் ஒன்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அக்காலத்தில் நடந்தும் டோலியிலும் போனவர்கள் சில நூறு பேரே. போனால் வாரக்கணக்கில் தங்குவார்கள். இன்றோ வண்டிகள் மிகுந்துபோய், 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோடைக் காலத்துக்கு நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு விதித்தது. இத்தனை பேரும் வருவது எந்தச் சமயத்தில்? ஜனவரி முதல் மார்ச் வரை மழை சொற்பம். நீர்த்தேக்கம் வற்றி நிற்கிற சமயத்தில். விடுதி அறையில் நாம் இருவேளை வெந்நீர் ஸ்நானம் செய்கையில், அந்த ஊர்க் குடும்பங்கள் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. முன்பு மலை உச்சியின் புல்வெளிகளும் அவற்றின் மடியில் இருந்த சோலைக் காடுகளும் மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிட்டன. சென்ற நூற்றாண்டில் அப்புல்வெளிகளில் பைனும், தைல மரமும், வாட்டிலும் நட்டார்கள். பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இன்று இல்லை. அது முன்பு புல்வெளியாக இருந்தது என்று அறிந்த குடும்பம் அரிது.

ஆகையால் இரண்டு நாளில் பன்னிரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு ஓடிவருவதைவிட, ஒரு வாரம் தங்கி, ஆறு மணிக்கு எழுந்து நடந்து, பிற்பகல் மழைக்குத் தாழ்வாரத்தில் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பது மேல் என்பது என் கட்சி. வண்டியும் குறையும், வீண் செலவும் குறையும். வார நடுவில் போனால் இன்னும் விசேஷம்.

ஜூன் பிறந்ததும் பள்ளிகள் திறக்கின்றன, வீடுகள் பூட்டப்படுகின்றன. அப்பொழுதுதான் மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். பழந்தமிழில் மேல்காற்றுக்கே கோடை என்று பெயர். மேற்கு மலைகள் பெருமழையைத் தடுத்துவிடுவதால் கொடைக்கானலுக்குத் தூறலும் பனியுமே கிட்டும். நீர்த்தேக்கத்தை நிரப்பும் மழை அக்டோபர், நவம்பரில் வருகிறது. அதைப் பார்க்க அப்பொழுது நம்மில் யாரும் அங்கே இருப்பதில்லை.