பிழையைப் படிப்பவர்கள்

டேனியல் மேசன் 2002-இல் எழுதிய 'தி பியானோ டியூனர்' நாவலில், பர்மியக் காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராண்ட் பியானோவைச் சீர்செய்ய லண்டனிலிருந்து ஒருவர் அனுப்பப்படுகிறார். பழுதுபார்ப்பவரின் அறிவு ஒரு நாவலையே தாங்கும் என்று அங்கே நம்புகிறார்கள். நம் ஆரணியில் பட்டுத்தறிகளின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும் நுட்பத்தில் பியானோவுக்கு இளைத்ததன்று. ஆனால் அதைப் பழுதுபார்ப்பவர் நம் எழுத்துக்குள் வந்ததாகத் தெரியவில்லை.

1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் உருவாக்கிய பொறி அது. துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக ஊசிகளின்மேல் வந்து மோதுகின்றன. துளை இருந்தால் ஊசி அதற்குள் நுழைந்துவிடும். அதனோடு இணைந்த கொக்கி நிமிர்ந்து நின்று, மேலெழும் கத்தியில் மாட்டிக்கொண்டு பாவு நூலைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி பின்னே தள்ளப்படும், கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும்.

பழுது நேர்ந்தால் கைதேர்ந்தவர் முதலில் பெட்டியைத் தொடுவதில்லை, துணியைப் படிக்கிறார். புடவையின் அகலத்தில் ஒரே பூ பலமுறை வருகிறது அல்லவா? எல்லாப் பூக்களிலும் ஒரே நூல் விடாமல் தவறினால் ஊசியோ கொக்கியோ வளைந்திருக்கிறது. ஒரு பூவில் மட்டும் தவறினால் பெட்டி குற்றமற்றது. கீழே தொங்கும் கயிறு ஒன்று அறுந்திருக்கும். பூ முடிந்து மீண்டும் தொடங்கும்போதெல்லாம் அதே ஊடையில் பிழை வந்தால், அந்த ஓர் அட்டை கிழிந்திருக்கிறது. கோலமே மொத்தமாகக் குலைந்தால், அட்டைகளைத் தாங்கும் கட்டை ஊசிகளுக்கு நேராக நிற்கவில்லை. மழைக்காலத்தில் அட்டைகள் ஈரம் குடித்து உப்புவதும் உண்டு. பியானோவின் கட்டைகள் அழுந்த மறுப்பதும் பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான்.

பிழை எங்கே விழுகிறது, எத்தனை முறைக்கொருமுறை திரும்புகிறது என்ற கணக்கிலிருந்து காரணத்தை எட்டும் இந்த முறை இலக்கிய வாசகர்களுக்குப் புதிதன்று. ஏடுகளை ஒப்புநோக்கி, எழுதியவரின் கைப்பிழை எது, மூலத்தின் பாடம் எது என்று உ.வே.சாமிநாதையர் பிரித்தறிந்ததும் இதே வகை அறிவால்தான். அதைப் புலமை என்கிறோம். இதையோ கைப்பழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

நெசவாளரைப் பற்றி எழுதும்போது நம் பேனா பசியை நோக்கியே செல்கிறது. பசி உண்மைதான், எழுதப்பட வேண்டியதும்தான். ஆனால் இரக்கத்தை மட்டுமே ஒருவருக்குத் தந்துகொண்டிருப்பது அவருடைய அறிவை மறுப்பதாகும் என்பது என் எண்ணம்.

இதில் அவசரமும் இருக்கிறது. மின்னணு ஜக்கார்டில் அட்டை இல்லை. கோலம் கணினிக் கோப்பிலிருந்து வருகிறது. அட்டை போனால் அட்டையின் பிழையைப் படிக்கும் அறிவுக்கும் வேலை இராது. நெசவாளரின் உழைப்பை மிச்சப்படுத்தும் எதையும் நான் எதிர்க்கவில்லை. அதற்குள் நம்மில் யாரேனும் ஒருவர் ஒரு குறிப்பேட்டுடன் ஆரணிக்குப் போய், தறிக்குழியருகே சில மாதங்கள் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச்சொல்ல அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு வந்தால் போதும்.