என் கனவுக் காப்பு

இது விஞ்ஞான யுகம். மணிக்கட்டில் கட்டும் கருவி நாடித்துடிப்பை எண்ணுகிறது. நடந்த அடிகளைக் கூட்டிச் சொல்கிறது. ஆனால் அதன் ஆயுள் எத்தனை ஆண்டுகள்?

என் அத்தையின் ஸ்மார்ட் வாட்ச் மூன்றே ஆண்டுகளில் கண்ணை மூடியது. பாட்டரி மட்டுமே பழுது. கடைக்காரரோ, "ஒட்டி வைத்திருக்கிறார்கள் அம்மா, திறந்தால் உடைந்துவிடும்" என்று கையை விரித்தார். தாத்தாவின் எச்.எம்.டி. கடிகாரம் என் தந்தை பிறக்கும் முன்பே வாங்கியது. சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிறது! 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறைப்படி மறுசுழற்சியானது அதில் கால் பங்குகூட இல்லை.

ஆகவே நான் ஒரு கருவியை வரைந்திருக்கிறேன். பெயர் 'காப்பு'. பசையே கிடையாது; பின்மூடியில் நான்கு திருகாணிகள். பாட்டரி, திரை எல்லாம் தனித்தனியே கழலும். கெட்டதை மட்டும் மாற்றலாம். கை அசைவால் தானே முறுக்கேறும் கடிகாரங்கள் முன்பே உண்டல்லவா? அதுபோலக் கைவீச்சிலேயே சிறிது மின்சாரம் பெறும். அது வண்ணத் திரைக்குப் போதாது. எனவே வண்ணத்தை நீக்கிவிட்டேன். பாட்டும் கேட்காது. படத்தைப் பார்த்த தங்கை, "இதை யாரக்கா வாங்குவார்கள்?" என்று சிரித்தாள்.

அவள் கேட்டது நியாயமே. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். 2027 பிப்ரவரி முதல், வாங்கியவரே பாட்டரியைக் கழற்றும்படி கருவிகளை அமைக்க வேண்டுமென்று, சில விலக்குகளுடன், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதித்தது. நம் நாட்டிலும் அப்படி வரட்டும். அத்தையின் வாட்ச் எங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. குப்பையில் போட எவருக்கும் மனம் வரவில்லை.