கட்டைவிரலைக் கேளுங்கள்

1994இல் அமெரிக்காவின் ரைனோ நிறுவனம் ‘ரிட்டர்ன் ஆஃப் த ரிப்ரெஸ்ட்’ என்ற பெயரில் இரண்டு சிடிக்கள் கொண்ட கிட்டார் தொகுப்பொன்றை வெளியிட்டது. வாசித்தவர் ஜான் ஃபேஹி. அப்போது அவருக்கு 55 வயது. ஒரேகன் மாநிலத்தின் சேலம் நகரில் மலிவான தங்கும் விடுதிகளிலும் ஆதரவற்றோர் இல்லத்திலுமாக, நோயோடும் வறுமையோடும் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். கிட்டாரை அடகு வைக்கும் நிலை வந்திருந்தது. இந்தத் தொகுப்பும், அதே ஆண்டு ‘ஸ்பின்’ பத்திரிகையில் பைரன் கோலி எழுதிய நீண்ட கட்டுரையும் அவரை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தன.

தீவிர ரசிகர்கள் தொகுப்பு ஆல்பங்களைப் பெரிதாக மதிப்பதில்லை. முழு ஆல்பத்துக்கென்று ஒரு வரிசையும் மனநிலையும் உண்டு, தொகுப்பு அதைக் கலைத்துவிடுகிறது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் ஃபேஹி போன்ற ஒருவர் விஷயத்தில், பிரிந்து கிடப்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் அவர் என்ன செய்தார் என்பதே பிடிபடும். டகோமா, வான்கார்ட், ரிப்ரைஸ் என்று பல நிறுவனங்களின் இசைத்தட்டுகளில் அவருடைய வாசிப்பு சிதறிக் கிடந்தது. அவற்றில் பலவும் வருடக்கணக்காகக் கடைகளில் கிடைக்காமலே இருந்தன.

இந்த இசை புதிதாகக் கேட்பவரைச் சற்றுத் திகைக்க வைக்கும். பாட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டீல் கம்பி கிட்டார். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? கட்டைவிரலை என்பதே என் பதில்.

வலது கையின் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும். தாளம் அதன் பொறுப்பு. அதற்கு மேல், மெல்லிய கம்பிகளில் மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். மெட்டின் சுரம் சில சமயம் கட்டைவிரலின் அடியோடு சேர்ந்து விழும், சில சமயம் இரண்டு அடிகளுக்கு நடுவே விழும். இருவர் சேர்ந்து வாசிப்பதாகக் காதுக்குத் தோன்றுவது இதனால்தான். இந்த வித்தை ஃபேஹியின் கண்டுபிடிப்பு அல்ல. மிசிசிப்பி ஜான் ஹர்ட் போன்ற தென்மாநிலக் கறுப்பினக் கலைஞர்கள் 1920களிலேயே இதை இசைத்தட்டுகளில் பதிந்திருக்கிறார்கள். ஃபேஹி அந்தப் பழைய தட்டுகளைத் தேடித் தெற்கே வீடு வீடாகப் போய் வாங்கியவர்.

அந்தக் கலைஞர்கள் கிட்டாரைத் தங்கள் குரலுக்குத் துணையாக வைத்திருந்தார்கள். ஃபேஹி குரலை எடுத்துவிட்டார். பாடல் வரிகள் போனபின் கேட்பவரை ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ எது கட்டிப்போடும்? அவருடைய பரிசோதனைகள் எல்லாம் இந்தக் கேள்விக்குத் தேடிய விடைகள்.

ஒரு விடை, கம்பிகளின் சுருதியை மாற்றுவது. ‘சன்ஃப்ளவர் ரிவர் ப்ளூஸ்’ என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் வைத்துக்கொண்ட ட்யூனிங்கை நம் சுரங்களில் சொன்னால், தடித்த கம்பியிலிருந்து தொடங்கி ஸ, ப, ஸ, ப, ஸ, க. இடது கை எதையும் அழுத்தாதபோதே ஆறு கம்பிகளும் இசைவாக ஒலிக்கும். கட்டைவிரல் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் மீட்டிக்கொண்டிருப்பதால், தம்புராவுக்கு மேல் பாடுவதுபோல மெட்டு அதன்மேல் நிதானமாக நடக்க முடிகிறது.

இன்னொரு விடை, தொலைவில் இருந்தவற்றை ஒன்றாகக் கோத்தது. ‘ஸ்டாம்பிங் டுநைட் ஆன் த பென்சில்வேனியா/அலபாமா பார்டர்’ என்ற உருப்படியில் ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் ஆறாவது சிம்பொனியிலிருந்தும் ப்ளூஸ் கலைஞர் ஸ்கிப் ஜேம்ஸிடமிருந்தும் பழைய கத்தோலிக்க வழிபாட்டுப் பாடலிலிருந்தும் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எழுதிக் காட்டினால் முரணாகத் தெரியும் இந்தச் சேர்க்கை, வாசிப்பில் ஒரே மூச்சாக வருகிறது. மூன்றையும் ஒரே கட்டைவிரல் தாங்குவதுதான் காரணம். பரிசோதனை என்றால் மரபை உடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபேஹி மரபின் அடித்தளத்தைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார். அதனால்தான் அதன்மேல் எவ்வளவு தூரமும் போக முடிந்தது. வெவ்வேறு வருடங்களின் வாசிப்பை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பில் இந்த உண்மை தெளிவாகக் கேட்கிறது.

தொகுப்பால் முடியாதவையும் உண்டு. 1959இல் 100 பிரதிகள் மட்டுமே அச்சிட்டு வெளியிட்ட முதல் ஆல்பமான ‘பிளைண்ட் ஜோ டெத்’தின் உருப்படிகளை அவர் 1964இலும் 1967இலும் மறுபடி பதிவுசெய்தார். ஒரே உருப்படி அவர் கையில் எப்படி வளர்ந்தது என்பதை ஒரு பதிவை மட்டும் கேட்டு அறிய முடியாது. நீண்ட உருப்படிகளுக்கும் தொகுப்பில் இடம் குறுகல். 1973இல் வந்த ‘ஃபேர் ஃபார்வர்ட் வாயேஜர்ஸ்’ ஆல்பத்தில் மொத்தமே மூன்று உருப்படிகள். அவற்றில் ஒன்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்து அமெரிக்காவில் யோகம் கற்பித்த சுவாமி சச்சிதானந்தாவுக்கு ஃபேஹி அர்ப்பணித்த ஆல்பம் அது. அதைத் துண்டாக்கிக் கேட்பதில் பொருளில்லை.

ஆகவே தொகுப்பைக் கேட்க நான் சொல்லும் முறை எளிது. ஓர் உருப்படியை முதல் தடவை கட்டைவிரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அடுத்த தடவை மெட்டைப் பின்தொடருங்கள். மூன்றாம் தடவை இரண்டும் தாமாகவே சேர்ந்து கேட்கும். எந்த உருப்படி உங்களை நிறுத்துகிறதோ, அது இடம்பெற்ற முழு ஆல்பத்தைத் தேடிப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1965இல் வந்த ‘த டிரான்ஸ்ஃபிகரேஷன் ஆஃப் பிளைண்ட் ஜோ டெத்’ நல்ல தொடக்கம்.

தொகுப்பு என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஃபேஹி அறிந்திருந்தார். மறுவாழ்வு கிடைத்தபின் 1996இல் டீன் பிளாக்வுட்டுடன் சேர்ந்து ரெவனன்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த ப்ளூஸ் முன்னோடி சார்லி பேட்டனின் இசையை அந்த நிறுவனம் ஏழு சிடிக்கள் கொண்ட பெரும் தொகுப்பாகக் கொண்டுவந்தது. 2001 பிப்ரவரியில் ஃபேஹி இறந்துபோனார். பேட்டன் தொகுப்பு அதே ஆண்டு பிற்பகுதியில் வெளியாகி, பின்னர் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. கடைகளிலிருந்து காணாமல் போன இசைக்குக் கேட்பவர்களைத் திரும்பச் சேர்த்துத் தருவது தொகுப்பின் கடமை. ஃபேஹிக்கு அப்படி ஒரு தொகுப்பு கிடைத்தது. தம் முன்னோடிக்கும் அவர் அதையே செய்தார். இனி ஒரு தொகுப்பைக் கையில் எடுக்கும்போது, அதைக் குறுக்குவழி என்று ஒதுக்காமல், யாரோ ஒருவர் பொறுப்போடு தேடித் தெரிந்தெடுத்து நம்மிடம் ஒப்படைத்த இசையாகக் கேட்போம்.