பார்க்க நெட் உண்டு, காட்ட நெட் இல்லை

ஆன்லைன் கேம் ஆடும் இளைஞர்களிடம் பேசிப் பாருங்கள் தோழர்களே. அவர்கள் அதிகம் புலம்புவது அப்லோடு வேகத்தைப் பற்றித்தான். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் 'ஷேர்' என்றே தனியாக ஒரு பட்டன் இருந்தது. ஆடுவதோடு, ஆடியதை மற்றவர்களுக்குக் காட்டுவதும் அவர்களுக்கு உரிமையாகிவிட்டது. தெளிவான நேரலைக்கு நொடிக்கு சுமார் 6 மெகாபிட் அப்லோடு வேண்டும். அது கிடைக்காவிட்டால் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதே வேகத்தை நம் சேரி இளைஞர் கேட்டால் மட்டும், "ரீல்ஸ் பார்க்கத்தானே?" என்ற நக்கல் வருகிறது.

செல்போன் நெட்வொர்க்குகள் பொதுவாக டவுன்லோடுக்கு அதிக இடமும் அப்லோடுக்குக் குறைந்த இடமும் ஒதுக்குகின்றன. நம்மைப் பார்வையாளர்களாக மட்டும் வைத்திருக்கும் ஏற்பாடு இது. சினிமா தடையின்றி வரும். ஆனால் தெருவில் நடந்த தாக்குதலை நாம் வெளியே அனுப்ப முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். போனில் முழுத் தெளிவோடு எடுத்த 10 நிமிட வீடியோ ஏறக்குறைய 1.3 ஜிபி வரும். நொடிக்கு 1 மெகாபிட் அப்லோடு இருந்தால் அது போய்ச்சேர கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும். 20 மெகாபிட் இருந்தால் 9 நிமிடம் போதும். அந்த 3 மணி நேரத்தில் சமரசப் பேச்சு முடிந்திருக்கும், மிரட்டலும் வந்திருக்கும். அதனால் அவசரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது வீடியோவைச் சுருக்கிவிடுகிறது. முகம் மங்குகிறது, எடுத்த நேரமும் இடமும் பற்றிய பதிவு அழிந்துபோகிறது. பிறகு நீதிமன்றத்தில் "இது உண்மையான பதிவா?" என்று நம்மைக் கேட்கிறார்கள்.

நம் மாவட்டத்தின் வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. செல்போன்களிலிருந்து எடுத்த படங்களும் உரையாடல்களும் ஆதாரமாகச் சொல்லப்பட்டன. நம் போனுக்குள் இருப்பதை எடுக்க அரசுக்கு எல்லா வழியும் இருக்கிறது. நம் தரப்பை முழுதாக வெளியே சொல்ல நமக்கு என்ன வழி இருக்கிறது?

வழியே இல்லாமல் இல்லை. பாரத்நெட் இரண்டாம் கட்டத் திட்டம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிளைக் கொண்டு செல்வதற்காக வகுக்கப்பட்டது. ஆனால் அதன் இலக்கு ஊராட்சி அலுவலகம். அது பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது, சேரிக்குள் இல்லை. குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் நடந்ததுதான் கேபிளுக்கும் நடக்கிறது: ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஊராட்சிக்கு வரும் கேபிளை சேரியின் அங்கன்வாடிக்கோ சமுதாயக் கூடத்துக்கோ நீட்ட வேண்டும். அதற்கான செலவை, 2024-ல் சட்டமான ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்தின் நிதியிலிருந்து எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்க வேண்டிய கிராம சபையை நேரலை செய்ய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அச்சட்டத்தின் கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோ பதிவு செய்யச் சொல்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் முதல் நாளே அதை எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. எடுத்த வீடியோவைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை சுருங்காமல் போகும். நெட் இல்லையென்றால் மெமரி கார்டில் பிரதி எடுத்து நம்பிக்கையான இரண்டு பேரிடம் கொடுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு அந்தக் கோப்பின் 'ஹாஷ்' எண்ணுடன் சான்றிதழ் கேட்கிறது. சுருங்கிய கோப்பின் எண்ணும் மூலக் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருக்காது.

அடுத்த கிராம சபையில் தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று எழுதும் மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்: எங்கள் தெருவுக்குக் கேபிள் வேண்டும். ஏன் என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: எங்களுக்கு நடப்பதை நாங்களே காட்டுவதற்கு.