பிரேக் இல்லாத சைக்கிள்



உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலில் நான்கு தழும்புகளோடு அந்த வித்தையைக் கற்றவன் நான். ஐம்பதைத் தாண்டிய வயதில் அதை முதலிலிருந்து மீண்டும் கற்க வேண்டியிருக்கும் என்று எவர் எண்ணுவார்?

என் தங்கை குடும்பத்தோடு கிழக்கு லண்டனில் வசிக்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்த போது, பதினேழு வயதான அவள் மகள் ஒரு வேண்டுகோளோடு என் முன் வந்து நின்றாள். “மாமா, நீங்க கூட வந்தா உம்மா என்னை விடுவாங்க.” எங்கே என்று கேட்டேன். ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் உள்ள சைக்கிள் ஓடுதள அரங்கத்திற்காம். புதிதாக வருபவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் பயிற்சி தருகிறார்கள். சைக்கிளும் தலைக்கவசமும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். தங்கையோ அடுப்படியிலிருந்து, “காக்கா, அது சுவர்ல ஓட்டுறது. நீங்க சம்மதிக்காதீங்க” என்றாள். நான் சம்மதித்துவிட்டேன். அதன் பலனைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த அரங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது அது. நடுவில் தாழ்ந்து இரு முனைகளில் உயர்ந்த அதன் கூரையை, அவ்வூரார் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒப்பிட்டுக் கேலி செய்வார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஓடுதள சைக்கிள் பந்தயங்களுக்கு வழங்கப்பட்ட 10 தங்கப் பதக்கங்களில் 7 பதக்கங்களை பிரிட்டன் அங்கேதான் வென்றது. (1948-இல் இதே லண்டனில் ஒலிம்பிக் நடந்தபோது இப்பந்தயங்கள் ஹெர்ன் ஹில் என்னுமிடத்தில், 1891-இல் அமைக்கப்பட்ட திறந்தவெளித் தடத்தில் நடந்தன. மழை வந்தால் நனையத்தான் வேண்டும்.) 2014-இல் அரங்கம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வீரர் ஓடிய அதே பலகையில் சாதாரண மனிதரும் ஓட்டலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

பலகை என்றா சொன்னேன்? ஆம், தரை முழுவதும் மரம். சைபீரியப் பைன் மரத்தின் மெல்லிய சட்டங்களை நெருக்கமாக அடுக்கி ஆணியடித்திருக்கிறார்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 56 கிலோமீட்டர் வருமாம். தடத்தின் ஒரு சுற்று 250 மீட்டர். நேர்ப்பகுதிகளிலேயே 12 பாகை சரிவு இருக்கிறது. வளைவுகளில் அது 42 பாகையாக எழுந்து நிற்கிறது. நம் வீட்டு மாடிப்படியைவிடச் செங்குத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போது இது தெரிவதில்லை. தடத்திற்கு அடியில் செல்லும் சுரங்க வழியாக நடுத்திடலுக்கு ஏறி வந்து, அண்ணாந்து பார்த்தேன். என் அடிவயிறு கலங்கியது. தங்கை சொன்ன ‘சுவர்’ என்ற சொல் மிகையன்று.

திருவிழாக் காலங்களில் பொருட்காட்சித் திடலில் ‘மரணக் கிணறு’ பார்த்திருப்பீர்கள். மரக்கிணற்றின் சுவரில் மோட்டார் சைக்கிள் விழாமல் சுற்றி வரும் அல்லவா? அதே தத்துவம்தான் இங்கும். வளைவில் திரும்பும் வண்டி வெளிப்புறமாக வழுக்கிச் செல்லப் பார்க்கும். சாய்ந்த தரை அதனை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வேகம் வேண்டும். மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகம் இருந்தால் டயர் பலகையைப் பற்றிக்கொள்கிறது. அதற்கும் கீழே குறைந்தால் சரிவில் வழுக்கிக் கீழே வரவேண்டியதுதான். கணக்கும் எளிது: ஒரு சுற்றை 30 வினாடியில் முடித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். பந்தய வீரர்களோ கடைசி 200 மீட்டரைப் பத்து வினாடிக்குள் கடந்துவிடுகிறார்கள்.

இனி அந்த சைக்கிளைப் பற்றி. அதில் பிரேக் கிடையாது. தவறாகப் படித்துவிட்டீர்களோ என்று மீண்டும் பார்க்க வேண்டாம். பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. நம் சைக்கிளில் கால்களை நிறுத்தினாலும் சக்கரம் ‘டிக் டிக்’ என்று தானே உருளும். இதில் பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை உங்கள் காலும் சுற்றியே தீரவேண்டும். காலணியோ பெடலோடு பூட்டப்பட்டிருக்கும். ஒருவர் தடத்தில் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் அத்தனை பேரும் அவர்மீது விழுவார்கள். எவரிடமும் பிரேக் இல்லாதிருப்பதே அனைவருக்கும் பாதுகாப்பு. இந்த விளக்கத்தைப் பயிற்சியாளர் சொன்னபோது தலையாட்டினேன். என் கால்கள் தலையாட்டவில்லை.

நடுத்திடலின் ஓரத்தில் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தோம். என்னோடு பத்துப் பன்னிரண்டு பேர். பிஸ்மி சொல்லிக் கம்பியை விட்டேன். முதலில் சரிவுக்குக் கீழே உள்ள வெளிர்நீலப் பட்டையில் மெதுவாகச் சுற்றவேண்டும். எல்லோரும் இடப்பக்கமாகத் திரும்பியே சுற்றுகிறார்கள். இரண்டாவது சுற்றில், நாற்பது ஆண்டுப் பழக்கம் தன் வேலையைக் காட்டியது. சற்று இளைப்பாறலாம் என்று மிதிப்பதை நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன், சைக்கிள் நிறுத்தவில்லை. முரட்டுக் குதிரைபோல் என்னை இருக்கையிலிருந்து ஒரு முழம் தூக்கிப் போட்டது. விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பாடத்தை அதன்பின் எவரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நிறுத்துவது எப்படி என்று கேட்கிறீர்களா? சுற்றி வரும் பெடலைக் காலால் சிறிது சிறிதாக எதிர்த்து அழுத்தவேண்டும். வேகம் தணியும். பிறகு கம்பியருகே வந்து கையால் பற்றிக்கொள்ள வேண்டும். கம்பி கைக்கு வந்ததும் நிம்மதியில் காலை நிறுத்திவிடுகிறவர்கள்தாம் கடைசி அடியில் விழுகிறார்கள்.

நீலப் பட்டைக்கு மேலே கறுப்புக் கோடு, தடத்தின் 250 மீட்டரை அதன்மீதுதான் அளக்கிறார்கள். அதற்கு மேலே சிவப்பு, இன்னும் மேலே நீலம். படிப்படியாக ஒவ்வொரு கோட்டிற்கும் ஏறவேண்டும். ஏறுவதற்கு முன் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கவேண்டும், ஏனெனில் முந்துபவர்கள் அந்தப் பக்கமாகவே வருவார்கள். கண்கள் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது. போகப்போகிற இடத்தைப் பார்க்கவேண்டும்.

நான் கறுப்புக் கோட்டுக்கு ஏறினேன். வளைவு நெருங்கியதும் பயந்து வேகத்தைக் குறைத்தேன். “மிதியுங்கள்! மிதியுங்கள்!” என்று பயிற்சியாளர் நடுத்திடலிலிருந்து கத்தினார். சாலையில் எனக்கு உயிர் காத்த குணம், வளைவைக் கண்டால் தணிவது. இங்கே அதுவே ஆபத்து. இது அறிவுக்கு விளங்குகிறது, உடம்புக்கு விளங்குவதில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் வளைவுக்கு முன்பே நீலப் பட்டைக்கு இறங்கிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது என் வலப்பக்கம், தலைக்கு மேலே, ‘விர்’ரென்று ஒரு சத்தம். அண்ணாந்தால், என் மருமகள் சிவப்புக் கோட்டிற்கும் மேலே சாய்ந்து போய்க்கொண்டிருந்தாள். தலைக்கவசத்திற்குள் இறுக்கமான துணித்தொப்பி. முழுக்கைச் சட்டை. கணுக்காலைப் பிடித்திருந்த கால்சட்டை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த சைக்கிளில் தொங்கும் முந்தானையோ அகன்ற கால்சட்டை ஓரமோ சங்கிலியில் சிக்கினால், உடனே நிறுத்த வழியில்லை. மறைவான உடைக்குத் தடையேதும் இல்லை, தொங்கும் உடைக்குத்தான் தடை. கையுறையும் அவசியம். விழுந்தால் மரச்சிராய் உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடும்.

நான்காவது முறை, அவள் போன கோட்டையே பார்த்துக்கொண்டு, எண்ணாமல் மிதித்தேன். வளைவு வந்தது, போயிற்று. சிவப்புக் கோட்டுக்கு மேல் நான் ஏறவில்லை. ஆனால் அந்த ஒரு வளைவில் தரை எனக்குச் சமதளம்போலவே தோன்றியது. உலகந்தான் சாய்ந்திருந்தது. அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை பார்வையாளர் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் அசையாமல் இருந்தாள். உங்களிடம் மறைப்பானேன், சிறு வயதில் எங்கள் தெருவில் என்னைவிட வேகமாக சைக்கிள் ஓட்டியவள் அவள். பதினொரு வயதில், “பெரிய பிள்ளையாகிவிட்டாய், போதும்” என்று வீட்டில் பெரியவர்கள் சைக்கிளை வாங்கிவைத்தார்கள். வாங்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. அந்த சைக்கிள் அதன்பின் எனக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இரயிலில் திரும்பும்போது மருமகள் வாய் ஓயாமல் பேசினாள். தங்கை சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“காக்கா, அந்தக் கீழே நீலப் பட்டை இருக்கே, அதுல மட்டும் சுத்துனாலும் விடுவாங்களா?”

“விடுவார்கள்” என்றேன்.