அம்மாவுக்கு நீங்கதான் வக்கீல்!



உங்க ஊர் கொல்லிமலை வாசலூர்பட்டின்னு வெச்சுக்குவோம். காலேஜ் கீழே நாமக்கல்லில். அம்மா குழுவில் சேர்ந்து ஒரு நுண்கடன் கம்பெனியில் கடன் வாங்கியிருக்காங்க. தவணையெல்லாம் ஒழுங்கா கட்டியாச்சு. ஆனா வசூலுக்கு வந்தவர், ‘ரெண்டு தவணை பாக்கி’ன்னு வாசல்ல நின்னு சத்தம் போடுறார். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்குது. அவமானம் தாங்காம அம்மா கம்மலைக் கழட்டப் போறாங்க. என்ன செய்வீங்க பாஸ்?

கம்மல் காதுலயே இருக்கட்டும். கடன் அட்டையை எடுங்க! ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள்படி, கடன் வாங்கினவருக்குப் புரியுற மொழியில் அந்த அட்டையைக் கொடுத்தே ஆகணும். கட்டின ஒவ்வொரு தவணையும் அதில் பதிவாகணும். காலை 9 மணிக்கு முன்னாடியும் மாலை 6 மணிக்கு மேலேயும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மிரட்டல், அசிங்கமான பேச்சு எல்லாம் எப்பவுமே தப்பு.

அடுத்து, பேப்பரை எடுங்க. வாசல்ல போடுற சண்டைக்கு ரெக்கார்டு கிடையாது. கட்டின தேதி, தொகை, ரசீது நகல் எல்லாம் வெச்சு கம்பெனிக்குப் புகார் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிடுங்க. 30 நாளில் பதில் இல்லையா? வந்த பதில் திருப்தியா இல்லையா? ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் இருக்கார். வங்கி, நிதி நிறுவனம்னு தனித்தனியா இருந்த குறைதீர்ப்பு திட்டங்களை 2021 நவம்பரில் ஒண்ணாக்கிட்டாங்க. பைசா செலவில்லை. இணையத்திலோ தபாலிலோ புகார் அனுப்பலாம். சந்தேகம்னா 14448-க்கு போன் போடுங்க, தமிழிலேயே பேசலாம். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டாம்!

இதில் சூப்பர் விஷயம், உங்களுக்காக வாதாட வக்கீல் வரக் கூடாது. ஆனா அம்மா எழுத்து மூலமா அனுமதி கொடுத்தா, அவங்க சார்பில் நீங்களே ஆஜராகலாம்.

சில உஷார் குறிப்புகள்: புகார் கொடுத்ததால கடன் தள்ளுபடி ஆகாது. நியாயமான தவணையை நிறுத்தாதீங்க. நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கு. ஆனா அங்கே வழக்கு நடக்கும்போது அதே பிரச்னையை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால எங்கே போறதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. கடன் கொடுத்தவர் ரிசர்வ் வங்கியில் பதிவே இல்லாத கந்துவட்டிக்காரரா? அப்போ நேரா போலீஸ்தான். அதுக்கு 2003-லயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு.

சரி, அம்மாவோட கடன் அட்டை எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? அடுத்த தடவை வீட்டுக்குப் போனதும், சாப்பிட உட்காரும் முன்னாடி அதை ஒரு புரட்டு புரட்டிடுங்க!