குழந்தையையும் கூட்டி வந்தால்?

காலை வேளை. அடுப்பில் குக்கர் கூவுகிறது. பத்துப்பாத்திரம் தேய்க்கும் பெண் எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வருகிறாள். ஆனால் தனியாக அல்ல. அவள் முந்தானையைப் பிடித்தபடி மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் வருகிறது! உங்கள் முகம் எப்படிப் போகும்? உண்மையைச் சொல்லுங்கள்.

என் முகம் சுருங்கித்தான் போயிற்று. அந்தக் குழந்தையும் சும்மா இருக்கவில்லை. கூடமெல்லாம் ஓடிற்று, தோசை மாவில் கையை விட்டது. மூன்றாம் நாள், "இதோ பார், நாளையிலிருந்து குழந்தையைக் கூட்டி வராதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "சரிங்கம்மா" என்றாள். ஒரு வாரம் வீடு நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில், "சின்னவளை இப்போ யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"பெரியவ பாத்துக்கிறாம்மா."

பெரியவளுக்கு எட்டு வயது!

"அவளுக்குப் பள்ளிக்கூடம்?"

பதில் இல்லை. பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். என் வீட்டு நிம்மதிக்கு விலை, ஒரு சிறுமியின் ஒரு வாரப் படிப்பு! அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெருக்கோடியிலேயே அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறவள், அது திறக்கும் நேரத்தில் வேறு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டு மாமியிடம் போய்ப் பேசினேன். குழந்தையை அங்கன்வாடியில் விட்டபின் அவள் வேலைக்கு வரலாம் என்று இருவரும் நேரத்தை மாற்றினோம். பாத்திரங்கள் இரண்டு மணி நேரம் தொட்டியில் காத்திருந்தன. குடியொன்றும் முழுகிவிடவில்லை!

ஆலைகளுக்கு இதைச் சட்டமே சொல்லிக் கொடுத்தது. பெண் தொழிலாளர் பலர் உள்ள தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றது 2017-ம் வருஷத்துத் திருத்தம். நம் வீட்டில் வேலை செய்பவளோ ஒருத்திதான். அந்தச் சட்டங்கள் நம் வாசற்படி ஏறவில்லை. நம் மனசுதான் சட்டம்.

1969-ல் டில்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, சித்தாள்களின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதை மீரா மகாதேவன் என்ற பெண்மணி பார்த்தார். அங்கேயே அவர்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்ற ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது.

நாம் ஸ்தாபனம் எதுவும் தொடங்க வேண்டாம். லீவு நாளிலோ வேறு வழியில்லாத நாளிலோ குழந்தை வந்தால் சில காரியங்களைக் கவனித்தால் போதும்.

தாயின் கண்ணில் படும் இடத்தில் ஒரு பாயை விரித்து உட்கார வையுங்கள். அடுப்படியும் பால்கனியும் வேண்டாம். பினாயிலையும் கொசு மருந்தையும் உயரத்தில் வையுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியை மூடிவிடுங்கள். சிறு குழந்தைக்கு வாளித் தண்ணீரே ஆபத்து. பழைய சிலேட்டு ஒன்று கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். உங்கள் குழந்தை சாப்பிடும் தட்டிலேயே அதற்கும் இரண்டு இட்லி வையுங்கள். காய்ச்சலோடு வந்திருந்தால், சம்பளத்தைப் பிடிக்காமல் தாயை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. "கண்ணு, அந்தத் தம்ளரை எடுத்து வா" என்று ஆரம்பிக்காதீர்கள். இன்று தம்ளர், நாளை துடைப்பம்! பதினாலு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லேயே தடுக்கப்பட்டுவிட்டது.

இப்போது பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவள் எப்போதாவது வருகிறாள். மாவில் கை வைக்கத்தான் வைக்கிறாள்!

அடுத்த முறை, "ஏன் கூட்டி வந்தாய்?" என்று கேட்க வாய் வரும்போது, "கூட்டி வராவிட்டால் குழந்தை எங்கே இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே.